மெக்சிகோ சிட்டியில் காபி: எந்தக் கடையில் எதைக் கேட்பது

மெக்சிகோ சிட்டிக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் ‘தலைசிறந்த காபிக் கடைகள்’ பட்டியல்களில் ஒரு கோளாறு உண்டு. 1912-இல் தொடங்கிய உணவகம், காய்கறிச் சந்தைக்குள் இருக்கும் எஸ்பிரெஸோ கவுண்டர், தெருமுனையில் நின்று குடிக்கும் மலிவுக் கடை, கொட்டையைக் கிராம் கணக்கில் எடைபோட்டு வடிக்கும் புதுக் கடை என எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். அதை நம்பி கஃபே தே தகூபாவில் உட்கார்ந்து எஸ்பிரெஸோ கேட்டால் ஏமாற்றம்தான். ரோமா பகுதியின் புதுவகைக் கடையில் போய்ப் பால் தூக்கலாக, கொதிக்கக் கொதிக்க வேண்டும் என்றாலும் அதே கதிதான். ஒவ்வொரு கடையும் ஏதோ ஒரு கோப்பையைச் சுற்றி உருவானது. அந்தக் கோப்பை எது என்று தெரிந்துகொண்டு கேட்டால் இந்த ஊரில் மோசமான காபி குடிக்கவே வேண்டியதில்லை.

காபி விளைகிற நாட்டில் கடைக்குக் கடை ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று தோன்றலாம். சியாபாஸ், வேராகுருஸ், புவெப்லா, வஹாகா, கெரேரோ மாநிலங்களின் மலைச்சரிவுகளில் அராபிகா வகைக் காபி விளைகிறது. விளைச்சலில் சியாபாஸுக்கு முதலிடம். ஆனால் நல்ல கொட்டை நெடுங்காலம் கப்பலேறிப் போனது. உள்ளூருக்குக் கிடைத்தது கழித்துப் போட்டதும் இன்ஸ்டன்ட் தூளும்தான். 1958-இல் அமைந்த அரசின் காபி நிறுவனமான இன்மெகஃபே விவசாயிகளிடம் கொள்முதல் செய்தது. 1989-இல் உலகக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை உடைந்து விலை சரிந்தபோது அந்த நிறுவனமும் கலையத் தொடங்கியது. சிறு விவசாயிகள் தாங்களே கூட்டுறவு சேர்ந்து வாங்குபவரைத் தேட வேண்டியதாயிற்று. அவர்களில் சிலரின் கொட்டை, இடைத்தரகர் இல்லாமல் தலைநகரத்து வறுவல்காரர்களுக்கு நேராக வர ஆரம்பித்த பிறகுதான் இன்று ரோமா, கொன்தேசா பகுதிகளில் காணும் புதுவகைக் கடைகள் பிறந்தன. அதற்கு முந்தைய கடைகள் எல்லாம் கறுத்த வறுவலையும் பாலையும் சர்க்கரையையும் நம்பி வளர்ந்தவை. அதில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

பழைய நகரம்: இரண்டு கூஜாவும் ஒரு கண்ணாடி டம்ளரும்

நகர மையமான சென்த்ரோவில் சிங்கோ தே மாயோ தெருவில் இறங்கி நடந்தால் லா பகோதா, எல் போபுலார் என்ற இரண்டு பழைய கடைகளைப் பார்க்கலாம். மெட்ரோ 2-ஆம் வழித்தடத்தில் பெய்யாஸ் ஆர்தெஸ் அல்லது அயெந்தே நிலையம். இந்த வகைக் கடைகளை ஊர்க்காரர்கள் ‘சீனர் காபிக் கடை’ என்பார்கள். வடக்கே சொனோரா மாநிலத்தில் 1930-களின் தொடக்கத்தில் சீனர்களை விரட்டியடித்தார்கள். அங்கிருந்து தப்பிப் பிழைத்தவர்களில் பலர் தலைநகருக்கு வந்து சிறு உணவகங்கள் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு மலிவாகச் சாப்பாடு, எந்நேரமும் பால் காபி, சூடான ரொட்டி. இன்று பல கடைகளில் உரிமையாளரும் சமையல்காரரும் சீனர் அல்லர். காபி தரும் முறை மட்டும் மாறவில்லை.

கேட்க வேண்டியது கஃபே கோன் லெச்சே. கெட்டியான காபிச் சாறு ஒரு கூஜாவில், கொதித்த பால் இன்னொரு கூஜாவில் வரும். உயரமான கனத்த கண்ணாடி டம்ளரை உங்கள் முன் வைத்துப் பணியாளர் முதலில் சாற்றை ஊற்றத் தொடங்குவார். நம் வீட்டு டிகாக்‌ஷன் கணக்குதான்: எவ்வளவு என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் அடியில் இரண்டு விரற்கடை சாறு, மேலெல்லாம் பால் என்று வெளுப்பாக வந்து சேரும். ‘கர்காதோ’ என்றால் திக்காக. மூன்றில் ஒரு பங்கு சாறு என்பது நம் நாக்குக்குச் சரியான அளவு. பிறகு பால் கூஜாவை உயர்த்தி ஊற்றுவார்கள், அதிலேயே நுரை கட்டும். சர்க்கரை மேசையில் தனியாக இருக்கும்.

இதில் கெட்டுப்போவது ஒன்றே ஒன்று, சாறு. மணிக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் கசப்பு ஏறி, அடித்தொண்டையில் ஒரு புளிப்பும் வந்துவிடும். ஆகவே கூஜா அடிக்கடி காலியாகும் நேரத்தில் போக வேண்டும். காலை 8 முதல் 10 வரை ஒன்று, மாலைச் சிற்றுண்டி நேரமான 6 முதல் 8 வரை இன்னொன்று. மதியம் 3 மணிக்கு எல்லாரும் முழுச் சாப்பாட்டில் இருப்பார்கள், அப்போது காபி கேட்காமல் இருப்பதே நல்லது.

கூடவே பிஸ்கெட் என்று ஒன்று கேளுங்கள். நம் ஊர் பிஸ்கெட் இல்லை. உள்ளங்கை அகலத்தில் உப்பிய வெண்ணெய் ரொட்டி, மேலே முட்டை பூசிப் பளபளப்பாக, உச்சியில் காசு அளவு வட்டம் ஒன்று ஒட்டியிருக்கும். அதைக் குறுக்கே வெட்டி, வெண்ணெய் தடவி, தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டில் வாட்டித் தரச் சொன்னால்தான் அதற்கு உயிர். வாட்டாமல் தந்தால் மாவாக வாயில் ஒட்டும். ரோமாவில் அல்வாரோ ஒப்ரெகோன் சாலையில் 1945-இல் சிறு கடையாகத் தொடங்கிய லோஸ் பிஸ்கெட்ஸ் ஒப்ரெகோன் இன்று நாடெங்கும் கிளைகள் கொண்ட பெரிய நிறுவனம். கூஜா வித்தையை அங்கேயும் பார்க்கலாம். ஆனால் கிளைகளைவிடச் சென்த்ரோவின் ஒற்றைக் கடைகளுக்கே எங்கள் ஓட்டு.

இந்தப் பால் காபியின் தாய்வீடு வளைகுடாக் கரையில் உள்ள வேராகுருஸ் துறைமுகம். அங்கே 1808-இல் தொடங்கியதாகப் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் கிரான் கஃபே தே லா பர்ரோகியாவில் லெச்சேரோ என்ற பால் காபியைக் கேட்டால் டம்ளரில் காபி மட்டும் வரும். பால் வேண்டுமானால் கரண்டியால் டம்ளரைத் தட்ட வேண்டும். கடை முழுக்க அந்தக் கிணுகிணு ஓசைதான். தலைநகரில் டம்ளரைத் தட்டினால் திரும்பிப் பார்ப்பார்கள், பால் வராது.

தகூபா தெரு 28-ஆம் எண்ணில் கஃபே தே தகூபா. 1912 முதல் இருக்கிறது. ஓடு பதித்த சுவர்கள், பெரிய ஓவியங்கள், வெள்ளைச் சீருடையும் தலையில் பெரிய வெள்ளை முடிச்சும் அணிந்த பணிப்பெண்கள். வேராகுருஸ் மாநிலத்தின் ஆளுநராகத் தேர்வாகிப் பதவியேற்கவிருந்த மன்லியோ ஃபாபியோ அல்தமிரானோவை 1936-இல் சுட்டுக் கொன்றது இங்கேதான். காபி? சுமார் ரகம். இங்கே போவது அந்த அறைக்காக. தமாலும் (சோள மாவை இலையில் பொதிந்து அவித்தது) சூடான சாக்லேட் பானமும் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஞாயிறு மதியம் மட்டும் வேண்டாம், குடும்பம் குடும்பமாக வரிசை நிற்கும்.

புகாரெலி தெருவும் மொரேலோஸ் தெருவும் சந்திக்கும் மூலையில் கஃபே லா அபானா. உயரமான கூரை, பழைய ஹவானாவின் பெரிய புகைப்படங்கள். எக்ஸெல்சியோர், எல் உனிவெர்சால் நாளிதழ்களின் அலுவலகங்கள் பக்கத்திலேயே இருந்ததால் பத்திரிகைக்காரர்களின் கடையாக வளர்ந்தது. ஃபிடல் காஸ்ட்ரோவும் சே குவேராவும் இங்கே உட்கார்ந்து திட்டம் தீட்டினார்கள் என்ற கதையைக் கடையும் சொல்லும், நகரமும் சொல்லும். கதை எப்படியோ, காபி சென்த்ரோவின் மற்ற பழைய கடைகளைவிட அழுத்தமானது. மொயேத்தெஸ் சொல்லலாம்: பிளந்த ரொட்டியில் மசித்த பீன்ஸும் சீஸும் வைத்து வாட்டியது. மெட்ரோ ஹுவாரெஸ் நிலையத்திலிருந்து நடந்துவிடும் தூரம்.

காபி குடிக்காதவர் யாராவது கூட வந்திருந்தால் எல் மோரோ. எஹே சென்த்ரால் சாலையில் 1935 முதல் சுரோஸ் என்ற இனிப்பு மாவுக் குச்சிகளைப் பொரிக்கிறார்கள், மெட்ரோ சான் ஹுவான் தே லெத்ரான் அருகில். சாக்லேட்டில் சில வகை உண்டு. ஸ்பானிய வகை மிகக் கெட்டி, முழு டம்ளரை முடிப்பது கடினம். தொட்டுச் சாப்பிட அதுவும், குடிக்க மெக்சிகோ வகையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பானைக் காபி

கஃபே தே ஒயா எந்த ஒரு கடைக்கும் சொந்தமில்லை. சந்தைக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடை, காலைச் சிற்றுண்டிக் கடை எதிலும் கிடைக்கும். அடுப்பில் பெரிய மண்பானை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பானை தெரியாத கடையில் பெரும்பாலும் இயந்திரக் காபியில் பட்டைப் பொடி தூவித் தருவார்கள். வெல்லம் சேர்த்தே காய்ச்சுவதால் ஏற்கெனவே இனிப்பாக இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சொல்லிப் பயனில்லை, பானையிலிருந்து வெல்லத்தைப் பிரிக்க முடியாது.

வீட்டில் செய்ய அளவு இது. ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் பிலோன்சியோ என்ற கூம்பு வெல்லம் (நம் ஊர் உருண்டை வெல்லம் அப்படியே பொருந்தும், கல் மண் இருந்தால் கரைத்து வடிகட்டிக்கொள்ளவும்), விரல் நீளப் பட்டை ஒன்று, விருப்பமிருந்தால் கிராம்பு இரண்டு, வெள்ளை நார் இல்லாமல் சீவிய ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று. இவற்றைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு அடுப்பை அணைக்க வேண்டும். அதன் பிறகுதான் காபித் தூள், 60 முதல் 70 கிராம், ரவை போலக் கொரகொரப்பாக அரைத்தது. ஒரு கிளறு, மூடி, ஐந்து நிமிடம், வடிகட்டல். தூளைப் போட்ட பிறகும் கொதிக்க விடுவதுதான் எல்லாரும் செய்வது. கசப்பு அங்கிருந்து வருகிறது, பிறகு அதை மறைக்க வெல்லத்தைக் கூட்டுவார்கள். சிக்கரி கலந்த தூள் இதற்கு ஆகாது, குழம்பிப் போகும்.

பட்டையில் கவனம் வேண்டும். மெக்சிகோக்காரர்கள் கனேலா என்று பயன்படுத்துவது இலங்கையின் உண்மையான கறுவா. மெல்லிய தாள் தாளாகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் உடையும். இலங்கைக் கறுவாவை உலகிலேயே அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோதான். நம் மளிகைக் கடையில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் தடித்த காசியா. அதைப் போட்டால் காரம் தூக்கி, பிரியாணி வாசம் அடிக்கும். காசியாதான் கைவசம் என்றால் கால் பங்கு போதும்.

பானை வாங்கி வர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெக்சிகோவின் பாரம்பரிய மண்பாண்டங்களின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருப்பது நன்கு அறியப்பட்ட சுகாதாரப் பிரச்சினை. காபி போன்ற புளிப்புத் தன்மையுள்ள சூடான திரவம் அந்த ஈயத்தை இழுத்துக்கொள்ளும். ‘சின் ப்லோமோ’ அல்லது ‘லிப்ரே தே ப்லோமோ’ என்று முத்திரை உள்ளதை மட்டுமே அடுப்பில் வைக்கலாம். முத்திரை இல்லாத அழகான பானை அலமாரிக்குப் போகட்டும்.

கொயோகான்

நகரின் தெற்கே உள்ள பழைய பகுதி இது. முதலில் வழி. கொயோகான் என்ற பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, அங்கே இறங்கினால் ஊர் மையம் வெகுதூரம். அதே 3-ஆம் வழித்தடத்தில் அடுத்த நிலையமான விவேரோஸில் இறங்கி, ஃபிரான்சிஸ்கோ சோசா என்ற கல் பாவிய தெரு வழியே 20 முதல் 25 நிமிடம் நடப்பதே நல்லது. அந்தத் தெருவே ஒரு காரணம்.

மையத் தோட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, குவாவ்தேமோக் தெருவும் அயெந்தே தெருவும் சேரும் மூலையில் எல் ஹாரோச்சோ. 1953-இல் தொடங்கியது. உள்ளே உட்கார இடம் இல்லை. வாங்கிக்கொண்டு நடைபாதை பெஞ்சிலோ திண்டிலோ உட்கார வேண்டியதுதான். இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் பாதி ஊர் அந்த மூலையில் நிற்பது போல இருக்கும். வறுவல் கறுப்பு, மணம் தெரு முனைவரை வரும். விலை குறைவு: ரோமாவில் ஒருவர் குடிக்கும் காசில் இங்கே இரண்டு பேர் தாராளமாகக் குடிக்கலாம். கேட்க வேண்டியது பால் சேர்ந்த எதுவும். கஃபே கோன் லெச்சே, கப்புச்சினோ, சாக்லேட் கலந்த மோகா எல்லாம் சரி. பால் இல்லாத அமெரிக்கானோ எடுத்தால் வறுவலின் கருகல் நேராக நாக்கில் படும். சில்லறைப் பெசோ கையில் இருக்கட்டும். வரிசை வேகமாக நகரும், கவுண்டருக்கு வந்தபிறகு யோசிக்க அவகாசம் கிடையாது.

அங்கிருந்து சில நிமிட நடையில், இகேரா தெரு 40-இல் கஃபே அவெயானேதா. எல் ஹாரோச்சோவுக்கு நேர் எதிர்த் துருவம். ஒரு அறை, ஒரு கவுண்டர், விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கைகள். கொட்டை முழுக்க மெக்சிகோவினுடையது, வறுவல் மிதம். இங்கே பாலைத் தவிர்த்து வடிகாபி (தூளின் மேல் சுடுநீரைக் கையால் ஊற்றி வடிப்பது) கேளுங்கள். அன்று எந்தக் கொட்டை இருக்கிறது என்று கேட்டு, கவுண்டரிலேயே உட்கார்ந்துவிட்டால் செய்முறை முழுவதையும் பார்க்கலாம். இந்த ஊரில் ஒரே ஒரு புதுவகைக் கடைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கள் தேர்வு இது. ஹாரோச்சோவும் இதுவும் ஒரே மாலையில், இந்த வரிசையில் இல்லாமல் அவெயானேதாவை முதலில் வைத்துக்கொண்டு. கறுத்த வறுவல் குடித்த நாக்குக்கு மிதமான வறுவலின் பழச்சுவை எட்டாது.

2,240 மீட்டர் உயரம் செய்யும் வேலை

மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைப் போன்ற உயரம். இங்கே தண்ணீர் கொதிப்பது ஏறக்குறைய 92.5 டிகிரியில். இந்த ஒரு எண் நகரத்துக் காபியில் பாதியை விளக்கிவிடும்.

வி60, கெமெக்ஸ் போன்ற கூம்பு வடிகட்டியில் வடிக்கும் முறைகளுக்குப் பொதுவாகச் சொல்லும் வெப்பம் 90 முதல் 96 டிகிரி வரை. இங்கே 92.5-க்கு மேல் போகவே வழியில்லை. கெட்டிலிலிருந்து ஊற்றும்போது இரண்டு மூன்று டிகிரி போகும், குளிர்ந்த பீங்கான் கூம்பு இன்னும் கொஞ்சம் தின்னும். தூளைத் தொடும்போது 88-க்கும் கீழே இறங்கிவிடலாம். நடுத்தர வறுவலுக்கு அது போதும். வெளிர் வறுவல் கொட்டை கடினமானது, சரியாக இறங்காமல் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரிப் புளிப்பும் வெறுமையும் மிஞ்சும். நல்ல கடைக்காரர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்: கூம்பையும் குடுவையையும் முதலில் சுடுநீரில் அலசுவார், கெட்டிலை ஒவ்வொரு ஊற்றுக்குப் பிறகும் சூட்டுத் தட்டில் திருப்பி வைப்பார், அரைவையை ஒரு படி நைசாக்குவார். 15 கிராமுக்கு 240 மில்லி என்ற கணக்கில் மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்து முடிய வேண்டும். அலசாத கூம்பில், அடுப்பிலிருந்து எடுத்து ஆறிய கெட்டிலால், ஒன்றரை நிமிடத்தில் வடித்துத் தந்தால் கொட்டை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வீண்.

எஸ்பிரெஸோ இயந்திரத்தின் கொதிகலனுக்கு உயரம் ஒரு பொருட்டில்லை, உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் வேண்டிய சூட்டை எட்டும். சிக்கல் வெளியே வரும் இடத்தில். 94, 95 என்று வைத்திருந்தால் நீர் துளைத்தட்டைத் தாண்டி வெளிக்காற்றைத் தொட்ட கணமே ஆவியாகிச் சீறும். காபி இறங்கும் முன் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்க்கும் பழக்கமுள்ள கடையில் அந்தச் சீறல் கேட்கிறதா என்று பாருங்கள். நீண்ட நேரம் சீறினால் சூடு அதிகம், காபி கருகல் வாடையுடன் வரும்.

விடுதி அறையில் சொந்தமாகக் காபி போடுபவர்கள் கொதித்த கையோடு ஊற்ற வேண்டும், ‘ஒரு நிமிடம் ஆறவிடு’ என்ற விதி இங்கே செல்லாது. மேலே சொன்ன பானைக் காபிக்கு இது தலைகீழ்: சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ செய்தால் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்தே தூளைப் போடுங்கள்.

உயரத்தின் இன்னொரு வேலை உடம்பில். வந்திறங்கிய முதல் நாளே நான்கு கடை சுற்றினால் படபடப்பும் தலைவலியும் வரும். காபியால் வந்ததா காற்றழுத்தத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. முதல் நாள் ஒன்று, அதற்கு இரண்டு டம்ளர் தண்ணீர்.

ரோமா, கொன்தேசா, இன்னும் தெற்கே

இந்தப் பகுதியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகப் போவோம். மெட்ரோபுஸ் 1-ஆம் வழித்தடத்தில் அல்வாரோ ஒப்ரெகோன் நிறுத்தத்தில் இறங்கினால் ரோமா நோர்தேயின் கடைகள் எல்லாம் நடை தூரம். ஒரிசாபா தெரு 42 என்ற முகவரியோடு பெயர் பெற்ற பூனா, விவசாயிகளிடம் நேரடியாக வாங்கி வறுக்கும் நிறுவனம். மெக்சிகோக் கொட்டை மட்டும்தான். பை வாங்க நல்ல இடம். கோர்தொபா தெரு 132-இல் கார்தினால், ஒரே கொட்டையை வெவ்வேறு முறையில் வடித்து ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு. அல்வாரோ ஒப்ரெகோன் 64-இல் கென்டின், பால் கலந்த சிறு கோப்பைகளுக்கு. எஸ்பிரெஸோவில் கொஞ்சமாகப் பால் சேர்த்த கோர்த்தாதோ கேளுங்கள், பால் மிகுந்த பெரிய லத்தே கேட்டால் காபி அடங்கிப்போகும். கொலீமா தெரு 179-இல் பனதெரியா ரொசெத்தா. அங்கே கூட்டம் நிற்பது கொய்யா ரோலுக்காக. வார இறுதியில் பத்து மணிக்கு மேல் போனால் அரை மணி நேரம் தெருவில்தான். கொன்தேசாவில் அல்ஃபோன்சோ ரெயெஸ் 232-இல் சிக்கிதீத்தோ, பெயருக்கேற்ற சிறிய கடை. மடிக்கணினியை விரித்து வேலை பார்க்க வேண்டுமா, தமவுலீபாஸ் 60-இல் பிளெண்ட் ஸ்டேஷன், மேசைகள் பெரியவை. சிறிய கடைகளில் மடிக்கணினியோடு இரண்டு மணி நேரம் உட்கார்வது அங்கேயும் முறையில்லாத காரியம்தான்.

நார்வார்தே பகுதியில் உனிவெர்சிதாத் சாலை 420-இல் அல்மாநெக்ரா. கடை முழுக்கக் கறுப்பு நிறம், வடிகாபியில் கறார். ரோமாவின் கூட்டம் இங்கே வருவதில்லை என்பதே பெரிய வசதி.

தெல் வாயே பகுதியில் இருப்பதைத் தவறவிடக் கூடாது. லாசரோ கார்தெனாஸ் சந்தை. காய்கறி, கோழி, பூக்கடைகளைத் தாண்டி உள்ளே போனால் கஃபே பாஸ்மார். புதுவகைக் கடைகள் நகரில் பரவுவதற்கு முன்பே இந்தச் சந்தைக்குள் எஸ்பிரெஸோவைச் சிரத்தையாகப் போட்டவர்கள். நுரையில் படம் வரைவதில் பெயர் பெற்ற கடை, ஆகவே இங்கே கப்புச்சினோ. கையில் கீரைக்கட்டுடன் ஒருவர், கழுத்துப்பட்டையுடன் ஒருவர், இரண்டு பேரும் அதே கவுண்டரில். சந்தை மதியத்துக்கு மேல் அடங்கத் தொடங்கும், முற்பகலில் போங்கள். மெட்ரோ 3-ஆம் வழித்தடத்தின் எவுஹேனியா நிலையத்திலிருந்து நடக்கலாம்.

சிறு கடைகள் இடம் மாறுவதும் கிளை திறப்பதும் இங்கே சகஜம் என்பதால் கிளம்பும் முன் வரைபடச் செயலியில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை மாலை நான்கு மணிவாக்கில் மழை கொட்டும், திறந்தவெளி மேசைகளை நம்ப வேண்டாம். பரிமாறும் கடையில் 10 முதல் 15 சதவீதம் அன்பளிப்பு வைப்பது வழக்கம். பால் என்றால் எந்தப் பால் என்று கேட்பார்கள்: ‘என்தேரா’ முழுப்பால், ‘தெஸ்லாக்தோசாதா’ லாக்டோஸ் நீக்கியது. பின்னது இயல்பிலேயே கொஞ்சம் இனிக்கும், சர்க்கரை போடும் முன் ஒரு வாய் பருகிப் பாருங்கள். சாதாரண உணவகத்தில் காபி கேட்டால் சுடுநீரும் இன்ஸ்டன்ட் தூள் புட்டியும் வரலாம். ‘எஸ் தே கிரானோ?’ என்று முன்கூட்டியே கேட்டால் கொட்டைக் காபியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பை வாங்கும்போது

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் சிறிய எழுத்தைப் படியுங்கள். சர்க்கரை சேர்த்து வறுத்த காபி மெக்சிகோவில் சட்டப்படியே விற்பனையாகிறது, ‘மெஸ்க்லாதோ கோன் அசூகார்’ என்று போட்டிருக்கும். வறுக்கும்போது சர்க்கரை உருகிக் கருகிக் கொட்டையை மூடுவதால் மட்டமான கொட்டையின் குறை மறையும், எடையும் கூடும். கொட்டை அளவுக்கு மீறி மின்னி, விரலில் பிசுபிசுத்தால் அதுதான். தூளாக இருந்தால் ஒரு சிட்டிகையைக் குளிர்ந்த நீரில் தூவுங்கள், சட்டென்று பழுப்பு நிறம் இழை இழையாக இறங்கும்.

நல்ல வறுவல்காரரின் பையில் மாநிலம், ஊர், உயரம், ரகம், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி எல்லாம் இருக்கும். இவற்றில் வறுத்த தேதி இல்லாத பையை வைத்துவிடுங்கள். ரகங்களில் கார்னிகா என்று கண்டால் எடுத்துப் பாருங்கள், முண்டோ நோவோ, கத்தூரா என்ற இரண்டு காபி ரகங்களைக் கலந்து இன்மெகஃபே காலத்தில் மெக்சிகோவிலேயே உருவாக்கியது. ‘கரகோலீயோ’ என்றால் பீபெரி, பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை, அதற்குத் தனி மதிப்பும் கூடுதல் விலையும் அங்கேயும் உண்டு. சென்த்ரோவில் 1938 முதல் இருக்கும் கஃபே ஹெகெமீர் போன்ற பழைய வறுவல் கடைகளில் கிலோ கணக்கில் நிறுத்து வாங்கலாம். லெபனானிலிருந்து வந்த குடும்பம் தொடங்கியது.

அறுவடை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நடக்கும். பதப்படுத்தி, உலர்த்தி, நகரத்துக்கு வந்து வறுபடும்போது ஏப்ரல், மே ஆகிவிடும். மே முதல் செப்டம்பர் வரை வாங்குவது புதுச் சரக்கு. பிப்ரவரியில் வாங்கினால் போன ஆண்டுக் கொட்டை, பச்சையாகவே ஓராண்டு கிடந்ததால் வைக்கோல் வாடை எட்டிப் பார்க்கும்.

நம் பித்தளை ஃபில்டருக்காக வாங்குகிறவர்கள் வெளிர் வறுவலைத் தொட வேண்டாம், பால் சேர்ந்ததும் புளித்த மாதிரி ஆகிவிடும். வேராகுருஸ் அல்லது சியாபாஸ், நீரில் கழுவிப் பதப்படுத்தியது, ‘மெதியோ ஓஸ்கூரோ’ (பாதிக் கறுப்பு) வறுவல் என்று கேளுங்கள். கொட்டையாகவே வாங்குவது மேல். அரைத்துத்தான் வேண்டும் என்றால் ‘பாரா மோகா’ (அடுப்பில் வைக்கும் மோகா கெண்டிக்கான அரைவை) என்று சொன்னால் நம் ஃபில்டருக்கு நெருங்கிய அரைவை கிடைக்கும். எஸ்பிரெஸோ அரைவையாக வாங்கினால் சாறு இறங்காமல் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், வடிகாபி அரைவையாக வாங்கினால் இரண்டே நிமிடத்தில் வெளுத்த தண்ணீராக இறங்கிவிடும். சிக்கரி ஊருக்கு வந்து கலந்துகொள்ளலாம், 80-க்கு 20 என்று வழக்கமாகப் போடுகிறவர்கள் இதில் 90-க்கு 10-இல் தொடங்குங்கள். பெட்டியைத் திறக்கும்போது பை சூம்பிப் போயிருந்தால் பதறாதீர்கள். உயரமான ஊரின் குறைந்த காற்றழுத்தத்தில் மூடிய பை, கடலோர ஊருக்கு வந்ததும் அப்படித்தான் ஒட்டிப்போகும்.